பத்து எண்ணும் வரை

கீழே கிடந்த மிஸ்ஸுக்கு நாங்கள் எண்ணியது கேட்டதா?

எட்டு வருடங்களாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். உலையில் அரிசி போடும்போது வரும். மகளுக்குத் தலை பின்னும்போது வரும். கேட்டிருக்கும் என்று நினைத்தால் ஒரு பயம். கேட்டிருக்காது என்று நினைத்தால் வேறொரு பயம். இரண்டில் எது பெரியது என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

கோவில்பட்டியில் நான் படித்த கல்லூரியில் அவர் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளர். எழுபதுகளின் பின்பாதி. மற்றவர்களுக்கு அவர் பி.டி. டீச்சர். அணியில் இருந்த பத்துப் பேருக்கும் வெறும் மிஸ். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் குளத்தூரில் இருக்கும் அவருடைய அம்மாவுக்கு யாராவது படித்துக் காட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பெயரில்லாமல் எழுதுவது மரியாதைக் குறைவோ என்றும் தோன்றுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

குள்ளமான உருவம். அகலமான தோள். வெள்ளைப் பருத்திச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் விசில். ஊரோ ஹாக்கி ஊர். சந்துக்குச் சந்து மட்டையோடு திரிவார்கள். நாங்கள் பந்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் டீக்கடையில் இருப்பவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

“கூடைப்பந்தா? கூடை எங்கட்டி, வீட்டுல வச்சிட்டு வந்திட்டீயளா?”

மிஸ் நின்று திரும்பிப் பார்ப்பார். “கூடை பத்தடி ஒசரத்துல கெடக்கு அண்ணாச்சி. ஒங்களுக்கு எட்டாது. டீயைக் குடிங்க.”

எங்கள் மைதானம் கரிசல். அதன்மேல் வண்டி வண்டியாகச் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இறுக்கியிருந்தார்கள். ஆனாலும் மாசி முடிந்ததும் கரிசல் அடியிலிருந்து வாய் பிளக்கும். சுண்ணாம்புக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வெடிப்பு ஓடும். பயிற்சிக்கு முன்னால் நாங்களே சட்டியில் மண் அள்ளி அதை நிரப்ப வேண்டும். எத்தனை நிரப்பினாலும் எவளாவது ஒருத்தி கால் தட்டி விழுவாள். விழுந்தால்தான் மிஸ்ஸின் சட்டம் ஆரம்பிக்கும்.

விழுந்தவளை யாரும் தொடக் கூடாது. பக்கத்தில் நிற்பவள்கூடக் கை கொடுக்கக் கூடாது. மிஸ் விசிலை ஒரு தரம் ஊதுவார். எல்லாரும் நின்ற இடத்தில் நின்று, விழுந்தவளுக்குக் கேட்கும்படி உரக்க எண்ண வேண்டும். பத்துக்குள் அவள் தானாக எழுந்துவிட வேண்டும். எழுந்துவிட்டால் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது, ஆட்டம் தொடரும்.

முதல் வருடம் நான் விழுந்தது நன்றாக நினைவிருக்கிறது. முழங்கால் தோல் உரிந்து மண்ணோடு ஒட்டியிருந்தது. யாராவது வருவார்கள் என்று கிடந்தேன். வரவில்லை.

“ஏட்டி, யாரும் போகக் கூடாது. எண்ணுங்க!”

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

சுற்றி ஒன்பது பேர் மரம்போல நின்றுகொண்டு என்னை எண்ணுகிறார்கள். முதலில் வெட்கம் வந்தது. ஐந்தில் கோபம் வந்தது. ஏழில் எழுந்து நின்றேன். மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் பந்தை என் பக்கம் உருட்டிவிட்டார்.

“ஏழு. பரவால்ல. எட்டாவும்னு நெனச்சேன்.”

அன்று சாயங்காலம் பஞ்சும் டிஞ்சரும் எடுத்துக்கொண்டு விடுதிக்கு வந்தார். என் காலைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு மண்துகளாக எடுத்தார். எரியும்போதெல்லாம் அவரே ஊதினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

“கோவமா?”

“கிரவுண்டுல தொடலை, இப்ப மட்டும் தொடுதீங்க?”

“அங்கன தொட்டா நாளைக்கு நீ விழுந்ததும் என்னைத் தேடுவ. இங்கன தொட்டா ஒண்ணுமில்ல. காலை நீட்டுட்டி.”

தன் விஷயத்திலும் அவர் அப்படித்தான். தரையில் உட்கார்ந்திருந்தால் கை ஊன்றாமல் எழுவார். பஸ்ஸில் யாராவது இடம் கொடுத்தால் உட்கார மாட்டார். “எனக்கு நிக்கத் தெரியும்லா” என்று கம்பியைப் பிடித்துக்கொள்வார். விளாத்திகுளம் பஸ்ஸில் ஒரு ஆச்சி, “நிக்கத் தெரியாமலா நாங்க உக்காந்திருக்கோம்? ரொம்பத்தான்” என்று முகத்தைச் சுளித்தாள். மிஸ் சிரித்துவிட்டார். ஆனால் உட்காரவில்லை.

அந்தப் பஸ்ஸில் என்னோடு நாகலாபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார். வெளியூர்ப் போட்டிக்கு என்னை அனுப்ப அப்பா மறுத்துவிட்டார். மிளகாய் வத்தல் பறிக்கும் நாள். மிஸ் நேராக எங்கள் மிளகாய்க் காட்டுக்கே வந்துவிட்டார். அப்பா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். பொம்பளப் பிள்ளை பந்து வெளாண்டு எந்தக் கோட்டையப் பிடிக்கப் போவுது?”

“கோட்டை எதுக்கு அண்ணாச்சி? விழுந்தா எந்திரிக்கத் தெரிஞ்சுக்கிடட்டும். நாளைக்குக் கல்யாணமாகி எங்கயோ போவா. அங்கன நீங்களும் நானும் பக்கத்துலயே நிக்க முடியுமா?”

அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “போட்டி என்னைக்குட்டி?” என்றார்.

இப்படி எழுதினால் மிஸ்ஸை நான் கொண்டாடுவதுபோல இருக்கும். கொண்டாடத்தான் செய்கிறேன். ஆனால் அவரைப் பார்த்து எனக்கு எப்போதும் பயமும் இருந்தது. பேச்சியம்மாள் விழுந்த நாளில் அது இன்னும் கூடியது. பேச்சி எங்கள் அணியிலேயே நெட்டை. குதித்து இறங்கும்போது கை மடங்கி விழுந்தாள். நாங்கள் எண்ணினோம். எட்டு, ஒன்பது, பத்து. அவள் எழவில்லை. பத்து என்று சொல்லி முடிக்குமுன் மிஸ் அங்கே இருந்தார். அப்படி ஒரு ஓட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பேச்சியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கல்லூரி வாசல்வரை போனார். மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது.

மறுநாள் பேச்சியின் அம்மா வந்தாள். ஆடு மேய்க்கிற குடும்பம். மைதானத்து நடுவிலேயே மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளை கை ஒடிஞ்சு கெடக்கா, நீங்க நின்னு எண்ணுனீயளாமே! ஆட்டுக்குட்டி விழுந்தாக்கூட நாங்க ஓடிப்போய்த் தூக்குவோம் டீச்சர். ஒங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு உண்டா இல்லையா?”

மிஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “திட்டுங்கக்கா. என்னையும் யாராவது திட்டணும்ல” என்றார். அந்த அம்மாள் அப்புறம்தான் அழுதாள். கட்டுப் பிரிக்கும்வரை, மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும், தினமும் காலையில் மிஸ் விடுதிக்கு வந்து பேச்சிக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுப் போவார்.

அந்த நாட்களில் ஒருமுறை கேட்டுவிட்டேன். மிஸ் பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், அன்னைக்குக் கொஞ்சம் முன்னாடியே ஓடிருக்கலாம்லா?”

பம்பை நிறுத்தினார். “தெரியல. எட்டுல எந்திரிச்சிருவான்னு நெனச்சேன். ஒம்பதுல பயந்துட்டேன்.”

“நீங்களா? பயந்தீங்களா?”

“பின்ன? ஒவ்வொருத்தி விழும்போதும் பயம்தான். நான் எண்ணும்போது கையை எங்க வச்சிருக்கேன்னு நீ பாத்ததே இல்லையா?”

பிறகு பார்த்தேன். யாராவது விழுந்தால் மிஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். ஓடிவிடாதபடி தன்னைத் தானே பிடித்து வைத்திருந்தார். விட்டபிறகு அந்த இடத்தில் நகக்குறி பதிந்திருக்கும்.

மூன்றாம் வருடம் என்னைத் தலைவியாக்கினார். மிஸ் இல்லாதபோது விசிலும் எண்ணிக்கையும் என் பொறுப்பு. நான் மிஸ்ஸைவிடக் கண்டிப்பாக இருந்தேன் என்று பேச்சி சொல்வாள். இருந்திருப்பேன். எனக்கு அவருடைய சட்டம் தெரிந்த அளவுக்கு அவருடைய பயம் தெரியவில்லை.

அந்தக் கடைசி மாதங்களில் சில விஷயங்களைப் பார்த்தேன். பார்த்தும் எதுவும் செய்யவில்லை. பயிற்சியின் நடுவே இடது தோளைப் பிசைந்துகொள்வார். “என்ன மிஸ்?” என்றால், “வாயு. சுக்குத் தட்டிக் குடிச்சா போயிரும்” என்பார். எட்டயபுரத்தில் ஒரு போட்டி முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். மிஸ் மறுக்கவில்லை. உடனே உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரித்துக்கொண்டோம். “மிஸ் உக்காந்துட்டாவ!” அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

பங்குனி வெயில். மாலை நாலரை மணி இருக்கும். புதிதாகச் சேர்ந்த செல்விக்குப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி, எம்பி வளையத்தில் போடுவது எப்படி என்று மிஸ் செய்து காட்டினார். பந்து உள்ளே விழுந்தது. மிஸ் இறங்கி இரண்டு அடி வைத்தார். முழங்கால் மடங்கியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்து, கம்பத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துவிட்டார்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். இது சாக்கா என்று எனக்குத் தெரியவில்லை. அடிபடாமல் எப்படி விழுவது என்று காட்டுவதற்காக மிஸ் அடிக்கடி வேண்டுமென்றே விழுவார். தோளில் உருண்டு, சிரித்துக்கொண்டே எழுவார். நாங்கள் எண்ணுவோம். நாலில் எழுந்துவிட்டால் கை தட்டுவோம். அன்றும் அப்படித்தான் என்று நினைத்தோம்.

செல்வி மட்டும் நினைக்கவில்லை. அவள் புதியவள். ஒரு மனுஷி விழுந்தால் யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஓடப் பார்த்தாள். நான் கையைக் குறுக்கே நீட்டி அவளைத் தடுத்தேன்.

“போகாத. எண்ணு.”

“ஒண்ணு” என்று நான்தான் ஆரம்பித்தேன். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நாலு வந்தது. எழவில்லை. ஐந்தில் யாரோ சிரித்தார்கள். ஆறில் அவர் விரல் மண்ணில் அசைந்ததுபோல இருந்தது. அசைந்ததா என்று இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

இனி எழுதுவதை நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. ஏழுக்கு அப்புறம் நான் எண்ணிக்கையை இழுத்தேன். மிஸ் பத்துக்குள் எழ முடியாமல் போய்விடுவாரோ, எங்கள் முன்னால் அவருக்கு அது தலைகுனிவாகிவிடுமோ என்று எனக்குத் தாங்கவில்லை. அவருக்கு நேரம் கொடுத்தேன். “எ...ட்டு” என்று இழுத்துவிட்டு நின்றேன். மூச்சு விட்டேன். மற்றவர்களும் எனக்காக நின்றார்கள். பிறகு “ஒ...ம்பது”. மறுபடியும் நின்றேன். பிரியத்தில்தான் அப்படிச் செய்தேன். அவர்மீது எனக்கு இருந்த பிரியம் முழுவதும் அந்த இடைவெளிகளில்தான் இருந்தது.

பத்து சொன்னதும் ஓடினோம். கன்னத்தில் செம்மண் ஒட்டியிருந்தது. விசில் உதட்டோரம் கிடந்தது. பக்கத்து மைதானத்தில் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து, சாலையில் போன தீப்பெட்டி ஆபீஸ் வேனை நிறுத்தினார்கள். வேலை முடிந்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் மளமளவென்று இறங்கி இடம் விட்டார்கள். மிஸ்ஸின் தலை என் மடியில் இருந்தது. கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி வைத்திருந்த ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் வாசலுக்கே வந்துவிட்டார். மிஸ்ஸின் இமையை விலக்கிப் பார்த்தார். “விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு?” என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“இப்பதான் சார்” என்றேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதிலேயே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

குளத்தூரில் அடக்கம். நாங்கள் பத்துப் பேரும் போனோம். மிஸ்ஸின் அம்மா எங்களை ஒவ்வொருத்தியாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “நீதானா தலைவி? ஒன்னப் பத்தித்தான் எப்பவும் பேசுவா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். “எம் மக தனியா கெடக்கலல்லா? நீங்க எல்லாரும் பக்கத்துல இருந்தீயள்லா? விழுந்ததும் தூக்கிட்டீயள்லா?”

தலையாட்டினேன். செல்வி என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அதன்பிறகு அவள் விளையாட வரவே இல்லை.

எனக்குக் கல்யாணமாகி, கோவில்பட்டியிலேயே குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் பஞ்சாலையில் ஃபிட்டர். மகள் உமாவுக்கு நாலரை வயது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மத்தியானம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அன்று எண்ணியதுபோலவே எண்ணிப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். மறுநாளும் எண்ணினேன். அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் அவளுக்கு எண் சொல்லித்தந்ததாக வீட்டுக்காரர் நினைத்தார். உமா ஒன்றிலிருந்து பத்துவரை கற்றுக்கொண்டது அந்த இழுவையில்தான். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அவளும் ஒரு மூச்சு விடுவாள்.

அவள் விழும்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிவதில்லை. ஒருநாள் பதறி ஓடுவேன். வீட்டுக்காரர், “விழட்டும்ளா, எந்திரிப்பா. இடுப்பை விட்டே எறக்காம எப்படி வளப்ப?” என்பார். அது மிஸ்ஸின் பேச்சு. அதைக் கேட்டதும் மறுநாள் ஓடாமல் நிற்பேன். நிற்கும்போது ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன்.

போன மாதம் சந்தைப்பேட்டை வாசல்படியில் உமா தடுக்கி விழுந்தாள். அன்று நான் நிற்கிற நாள். அவள் அழவில்லை. எழவும் இல்லை. விழுந்த இடத்தில் கிடந்தபடியே என்னைப் பார்த்து, “ஒண்ணு... ரெண்டு...” என்று ஆரம்பித்தாள். எனக்குக் கால் ஓடவில்லை. கறிவேப்பிலை விற்கிற அம்மாள்தான் ஓடிவந்து தூக்கினாள்.

“ஏம்மா, பெத்தவதானா நீ? பிள்ளை கெடக்கா, வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்க!”

அப்போதுதான் உமா அழ ஆரம்பித்தாள். முழங்கையில் ரத்தம் வந்திருந்தது. அதற்காக அழவில்லை.

“எறக்கி விடு! இன்னும் பத்து ஆகல!” என்று அந்த அம்மாளை அடித்தாள்.

அன்றிலிருந்து அவள் கையை நான் விடுவதில்லை. வீட்டுக்குள் நடந்தாலும் பின்னாலேயே போகிறேன். ஆனி மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அங்கே மைதானம் இருக்கிறது. அவள் எங்காவது விழுந்து, எழ முடியாமல், பத்து வரட்டும் என்று பொறுமையாக எண்ணிக்கொண்டு கிடப்பாளோ என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

உமாவுக்குக் காய்ச்சல் என்றால் அதே டாக்டரிடம்தான் போகிறோம். பக்கத்தில் பிள்ளைகளைப் பார்க்க வேறு டாக்டர் இல்லை. அவருக்கு என்னை அடையாளம் தெரியாது. “எவ்வளவு நேரமா காயுது?” என்று கேட்பார். நான் மணியும் நிமிடமும் எழுதிவைத்த தாளை எடுத்து நீட்டுவேன். “உன்னை மாதிரி தாய் எல்லாரும் இருந்தா எனக்கு வேலை சுலபம்மா” என்றார் ஒருதரம். அன்று மருந்துச் சீட்டு வாங்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு அட்டை தொங்கியது. வயதாகிவிட்டதாம், மதுரையில் மகனோடு இருக்கப் போகிறாராம். இந்த மாதத்தோடு ஆஸ்பத்திரியை மூடுகிறார்.

அந்த ஒரு நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் மிஸ் பிழைத்திருப்பாரா என்பதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். இரண்டு தடவையும் என் முறை வருமுன் எழுந்து வந்துவிட்டேன். பிழைத்திருப்பார் என்று அவர் சொல்லிவிட்டால், நான் இந்தப் பிள்ளையை எந்தக் கையால் வளர்ப்பேன்? பிழைத்திருக்க மாட்டார் என்று சொன்னால், என் முகத்தைப் பார்த்து இரங்கிச் சொல்கிறார் என்றுதான் நினைப்பேன். கேட்காமல் விட்டால் அவர் மதுரைக்குப் போய்விடுவார். பிறகு யாரிடம் கேட்பது?

பத்திரிகையில் இதைப் படிக்கிற தாய்மாரே, என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் நீங்கள். நான் அந்த டாக்டரிடம் கேட்கலாமா, விட்டுவிடலாமா? கேட்கத்தான் வேண்டும் என்றால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதையும் எழுதுங்கள். உமாவை அன்று வீட்டில் விட்டுவிட்டுப் போவதா, கூட்டிக்கொண்டு போவதா என்பதையும் எழுதுங்கள். மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.